பதினாலாம் நிமிடத்துப் பெருங்காயம்

யூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரயில் 12 நிமிடம் பிந்தியது. குளிர்கால ஜாக்கெட்டைத் திரும்ப எடுத்துப் போட்டாயிற்று. யூன் மாதமாம்.

புது வேலை: சீனத் தானியச் சாராயம், மூன்று போத்தல். டுசல்டோர்வில் சின்னக் கடை வைத்திருக்கும் சீனப் பெண் ஒருத்தி இறக்கியது. சரக்கு சுங்கத்தில் நிற்கிறது. கேள்வி ஒன்றுதான்: இறுங்குச் சோளமும் அரிசியும் மண்குழியில் புளிக்கவிட்டு முறையாக வடித்ததா, அல்லது வெறும் மதுசாரத்தில் எசென்ஸ் ஊற்றிய போலியா? அதே பெண்ணின் சரக்குக்கு இரண்டு வருடத்துக்கு முன்னும் எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து சந்தேக அறிக்கை போனதாம். அதனால் இம்முறை கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள். அறிக்கை அடுத்த செவ்வாய் போகவேண்டும். போலி என்று போனால் சரக்கு முழுக்க அழிப்பு. “கடையும் மூட வேண்டிவரும்” என்றார் டொ.எச்., நாளை மழை என்று சொல்வது போல.

டொ.எச். எங்கள் பிரிவுத் தலைவர். பியரிலும் சீஸிலும் புலி. சீனச் சாராயம் அவருக்கு இது இரண்டாவது தடவை.

நாளை மணக்குழு. மெஷின் சாராயத்தின் மணங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே விடும். ஒரு பாதி கருவிக்குப் போகும், அது கோடு கீறும். மறு பாதி கண்ணாடிக் கூம்புக்கு வரும். கூம்பில் மூக்கை வைத்துக்கொண்டு இருந்து, மணந்தவுடன் பொத்தானை அமுக்கி, என்ன மணம் என்று சொல்லவேண்டும். அரை மணி நேரம். கருவி பிடிக்காததையும் மூக்கு பிடிக்கும். அதற்காகத்தான் எங்களைக் குந்த வைத்திருக்கிறார்கள்.

P1 டொ.எச். P2 கெர்ஸ்டின். P3 நான், இரண்டு வருடமாக. லின் சாம்பிள் தயாரிப்பாள், மூக்கு வைக்கமாட்டாள். முந்திக் குழுவில் இருந்தவள்தான். மூக்கு ஒத்துவரவில்லை என்று விலகிவிட்டாள்.

விதிகள் (ஒட்டி வைத்திருக்கிறது, நானே ஒட்டியது):
சென்ட் இல்லை.
முதல்நாள் உள்ளி, வெங்காயம் இல்லை.
ஒரு மணி நேரத்துக்கு முன் கோப்பி இல்லை.
மணமில்லாத சவர்க்காரம்.

எனக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா தொடங்கிய நாள் முதல் விரதம். மச்சம் மாமிசம், உள்ளி, வெங்காயம் ஒன்றும் இல்லை, ஒரு நேரச் சாப்பாடு. மூக்குக்காக ஊதுபத்தியும் நிறுத்திவிட்டேன். விளக்கு மட்டும். திருநீறு கூட வேலையால் வந்த பிறகுதான். அம்மாள் பொறுத்துக்கொள்வாள்.

யூன் 3, செவ்வாய்

வெயில். காலைச் சாப்பாடு இல்லை, வெந்நீர் மட்டும்.

பத்து மணிக்கு நடைக்கூடத்தில் கணக்குப் பிரிவுக்காரரின் பிறந்தநாள். மெட். அதாவது பச்சைப் பன்றி இறைச்சியை அரைத்து, அரைப் பாணில் பூசி, மேலே பச்சை வெங்காயம் நறுக்கித் தூவுவது. டொ.எச். இரண்டு தின்றார். விரலையும் நக்கினார். பதினொன்றரைக்குக் கூம்பில் மூக்கை வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

என் முறை ஒன்றேகாலுக்கு. நல்லாகவே போனது. கனிந்து அழுகப்போகும் அன்னாசி, இந்த வகைச் சாராயத்தின் பெரிய மணம் அதுதான். பிறகு ஆட்டுக்கிடாய். பிறகு குதிரை லாயம். வாசிக்க அருவருப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் சேர்ந்து போத்தலில் இருக்கும்போது நல்ல மணம். சாராயத்தின் இரகசியமே அதுதான்.

பதினாலாம் நிமிடம் தாண்டி ஒரு சொட்டு நேரம்: பெருங்காயம். டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தது போல. பொத்தானை அமுக்கினேன். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கெர்ஸ்டினுக்கு விளங்கவில்லை, பட்டியலில் அது இல்லை. பட்டியலில் உள்ளதெல்லாம் இவர்கள் வீட்டில் உள்ள மணங்கள்: காளான், ஈர மட்டை, பழைய சீஸ். இந்த ஜெர்மன்காரரின் டொச்சில் அதற்குப் பேய்ப்பீ என்று ஒரு பெயர் உண்டு, அதைச் சொன்னேன். சிரித்தாள். எழுதினாள்.

கதவடியில் நின்ற டொ.எச். கேட்டார்: “மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?”

“ஒன்றும் சாப்பிடவில்லை.”

“ம்” என்றார். போய்விட்டார்.

யூன் 4, புதன்

மழை. குடை ரயிலில் போய்விட்டது.

கெர்ஸ்டின் அட்டவணை அனுப்பினாள். என் வரிசையில் 14.1 நிமிடம் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் நீக்கியது, முடிவில் சேராது. பக்கத்தில் காரணம்: “நபர் சார்ந்த வாசனை. உணவுப் பழக்கம்.”

உணவுப் பழக்கம்!

ஓடிப்போய்க் கேட்டேன். டொ.எச். கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கருவி அந்த இடத்தில் நேர்கோடு. மற்ற இருவருக்கும் மணக்கவில்லை. உங்கள் சமையலில் அது நிறையச் சேரும், இல்லையா? உடுப்பில் இருக்கும். குற்றமாகச் சொல்லவில்லை.”

குற்றமாகச் சொல்லவில்லையாம். பச்சை வெங்காயம் தின்ற மூக்கு சுத்தம். பட்டினி கிடந்த மூக்கு அழுக்கு. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.

இந்த ஆய்வுகூடத்தில் நான் சாப்பிட்டது, பதினொரு வருடத்தில்: பாணும் சீஸும். பாணும் சீஸும். பிறந்தநாளுக்குக் கேக். பாணும் சீஸும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோனேன். முதல் வருடம். சாப்பாட்டறையில் யாரோ யன்னலைத் திறந்தார்கள். தை மாதம், பனி. அதோடு சரி. அந்தப் பெட்டியை இப்போது ஊசிநூல் வைக்கப் பாவிக்கிறேன்.

அவர்கள் மூக்குக்காகப் பதினொரு வருடம் என் வாயைக் கட்டினேன். அதற்குக் கிடைத்த பட்டம் உணவுப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன். இவர் ரீவியைக் குறைத்தார்.

“என்னப்பா, முகம் இப்பிடி இருக்கு?”

“என்ர மூக்கை வெட்டிப்போட்டாங்கள்.”

முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “விடும். பேசாமல் இரும். சண்டை பிடிச்சு என்ன காணப்போறீர்? விடிஞ்சால் அவன்ர முகத்திலதானே முழிக்கவேணும்” என்றார்.

“அவன் விடிஞ்சால் என்ர முகத்திலயும்தான் முழிக்கவேணும். இஞ்சேருங்கோ, நான் மணக்காததை மணந்தது எண்டு சொல்லுவனே?”

“சொல்லமாட்டீர். நான் ஒளிச்சு வைச்ச சிகரெட்டையே ரண்டு அறை தள்ளி நிண்டு பிடிச்சனீர்.”

சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை.

ஆனால் ஒன்று. உடுப்பில் இருந்து வந்தால் பதினாலாம் நிமிடம் மட்டும் ஏன்? மூன்றாம் நிமிடத்திலும் இருபதாம் நிமிடத்திலும் என் உடுப்பு என் மேல்தானே இருந்தது?

யூன் 5, வியாழன்

டொ.எச். கொலோன் நகரில், கூட்டம். நல்லதாய்ப் போச்சு.

லினிடம் போனேன். சாம்பிள் அறையில் எப்போதும் தனிய நிற்பாள், காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு. பத்து வார்த்தைக்கு மேல் நாங்கள் பேசி எத்தனை மாதம் என்று தெரியாது. சொன்னேன்: ஐந்து குப்பி வேண்டும். சிலவற்றில் சாராயம், சிலவற்றில் வெறும் மதுசாரமும் தண்ணீரும். எதில் என்ன என்று எனக்குத் தெரியக்கூடாது. நான் மணக்கிறேன், கெர்ஸ்டின் எழுதட்டும். பெருங்காயம் என் உடுப்பில் இருந்தால் ஐந்திலும் வரவேண்டும்.

லின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குப்பிகளைக் கழுவத் தொடங்கினாள்.

மூக்கு களைக்காமல் இடைவெளி விட்டு விட்டு, ஒன்பதிலிருந்து நாலரை வரை. வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை போட்ட அதே சட்டை.

1: இல்லை.
2: ஓம். 14.1.
3: இல்லை.
4: ஓம். 14.1. இன்னும் பலமாக.
5: இல்லை.

லின் மடித்து வைத்த துண்டைக் கெர்ஸ்டின் பிரித்தாள். 2, 4 சாராயம். மற்றதெல்லாம் வெறும் தண்ணீர் மதுசாரம். நாலில் இரட்டிப்பு அளவு போட்டிருக்கிறாள், அதை நான் கேட்கவே இல்லை. கெட்டிக்காரி.

கெர்ஸ்டின், “ஐயோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்றாள். இருக்கட்டும்.

லின் சொன்னாள்: “மேல்மாடியில் கந்தகத்தை மட்டும் தேடும் கருவி இருக்கிறது. இரவோடு போட்டு விடுகிறேன். இது கந்தகம்.” அவள் குரலில் சந்தேகமே இல்லை. கூம்புக்குக் கிட்டவும் வராதவள் எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாள் என்று ரயிலில் யோசித்தேன். பிறகு தூங்கிவிட்டேன்.

யூன் 6, வெள்ளி

வெயில்! வெயில்! வெயில்!

கந்தகக் கருவியில் 14.1இல் குட்டி மலை. மற்றக் கருவி நேர்கோடு கீறிய அதே இடம். மிகச் சொற்பம், ஆனால் இருக்கிறது. டொ.எச். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ளக் காசோ என்று பார்ப்பது போல.

“சுவாரசியம்” என்றார்.

சுவாரசியமாம். அரை நிமிடம் காத்து நின்றேன், வேறு ஏதும் வாயிலிருந்து விழுமோ என்று. விழவில்லை.

“அப்படியானால் கருவி கண்டுபிடித்தது என்று அறிக்கையில் சேர்ப்போம்” என்றார்.

“கருவியை அங்கே தேடச் சொன்னது எது?”

“குழுவில் உள்ளவர் பெயர் அறிக்கையில் வராது. உங்களுக்குத் தெரியும்.”

“பெயர் வேண்டாம். சாம்பலை எடுங்கள். உணவுப் பழக்கத்தை எடுங்கள். என் கண் முன்னால் எடுங்கள்.”

என் குரல் நடைக்கூடம் வரை போயிருக்கும். போகட்டும். எடுத்தார். P3, 14.1, கறுப்பு.

டுசல்டோர்வ் பெண்ணுக்கும் நல்லது. ஒரு மணம் மட்டும் தீர்ப்பு எழுதாது, மற்றதுகளும் பொருந்தவேண்டும், பொருந்துகிறது. தவிர, போலி செய்கிறவன் அன்னாசி எசென்ஸ் வாங்குவான். நாறும் கந்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதுவும் ஊசிமுனை அளவு, எவன் ஊற்றுவான்? அது குழியும் தானியமும் காலமும் தானாகத் தருவது.

வென்ற கையோடு சாம்பிள் அறைக்கு ஓடினேன். “பார்த்தாயா லின்! உணவுப் பழக்கமாம்! கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, ஒரே கோடு! ஆளின் முகத்தைப் பார்த்துச் சாப்பாட்டை எழுதுகிறான்கள்!”

லின் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக.

“எனக்குத் தெரியும். பதினாலாம் நிமிடம். நானும் சொன்னேன்.”

“எப்போது?”

“நான் P3 ஆக இருந்தபோது. பச்சைப் பதிவேடு, மேல் தட்டு.”

பதிவேட்டில் வெட்டுவதற்கு விதி உண்டு. ஒற்றைக் கோடு, வெட்டியது கீழே வாசிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் காரணம், திகதி, ஒப்பம். வாசிக்கத் தெரிந்தது. “14.1 நிமிடம். ஊறிய முட்டைக்கோசு, கந்தகம், பலம்.” மேலே ஒற்றைக் கோடு, அடிமட்டம் வைத்துக் கீறியது. காரணம்: “சாப்பாடு.” ஒப்பம்: வ.சி.

வதனி சிவகுமார். நான்.

அதே டுசல்டோர்வ் பெண்ணின் சாராயம். இரண்டு வருடத்துக்கு முன் போன அதே சந்தேக அறிக்கை.

யூன் 7, சனி

ஒன்றும் ஓடவில்லை. இவர் மரக்கறி வாங்கப் போனார், நான் போகவில்லை.

அப்போது குழுப் பதிவு என் பொறுப்பு. டொ.எச். சொன்னதைச் செய்தேன் என்று இங்கே எழுதப் பார்த்தேன். பொய். அவர் கேட்டது “ஏதாவது ஒதுங்கி நிற்கிறதா?” அவ்வளவுதான். சாப்பாடு என்ற சொல் என்னுடையது. நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அடுத்த மாதமே அவள் கதிரையில் நான் குந்தினேன். மூக்கு ஒத்துவரவில்லை என்று அவள் விலகினாள் என்று திங்கட்கிழமை எழுதியிருக்கிறேனே, வெட்கம் கெட்டவள்.

வேறொன்றும் ஞாபகம் வருகிறது. வந்த புதிதில் லின் ஏதோ புளிக்க வைத்த கீரை கொண்டுவந்து சூடாக்கினாள். யன்னல்கள் திறந்தன. அதில் ஒரு யன்னலைத் திறந்த கை என்னுடையது. எனக்கு மணம் பிடிக்காமல் இல்லை. நான் பாணை விழுங்கிக்கொண்டிருக்க இவள் மட்டும் எப்படித் துணிந்து தின்னலாம் என்ற எரிச்சல்.

டொ.எச்.சை நான்கு நாளாக வைத பேச்செல்லாம் இருக்கிறது. ஒன்றையும் திருத்தத் தேவையில்லை. பெயரை மாற்றினால் போதும்.

யூன் 8, ஞாயிறு

ஊன்ட்றொப். தேர். காலை ஐந்தரைக்கே நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனிலிருந்து வெளிக்கிட்டோம், முன்தெரு சாந்தி அக்காவும் எங்கள் காரில்.

சனம், சனம். வாகனம் நிற்பாட்ட இடமில்லை. “தம்பி, காரை அங்கால எடுங்கோ!” “ஏலாது அண்ணை, பின்னால வான் நிக்குது.” கால்வாய்ப் பக்கம் காவடி. இரண்டு பொலிஸ்காரர் மோர் குடித்துக்கொண்டு.

தீபம் காட்டும்போது கற்பூரப் புகையை மூக்கு நிறைய இழுத்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு. அழுகை வந்தது. சாந்தி அக்கா பக்தி என்று நினைத்தா.

“என்னடியப்பா, நேர்த்தி ஏதும் வைச்சனீரோ?”

“ஒரு பிழை செய்திட்டன் அக்கா. ஒராளுக்கு.”

“அதுக்கு அம்மாளிட்டை ஏன் அழுறீர்? அந்த ஆளிட்டைப் போய்ச் சொல்லுமன்.”

பிறகு சக்கரைத்தண்ணி வாங்கப் போய்விட்டா.

யூன் 9, திங்கள்

விடுமுறை. மழை.

லினிடம் சொல்லப் பார்த்தவை:
மன்னித்துக்கொள். (இது மட்டும் காணாது.)
எனக்கும் அதே நடந்தது. (அவளுக்கு என்ன?)
அப்போது தெரியாது. (கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.)
நீ ஏன் சொல்லவில்லை? (சொன்னாள். எழுத்தில் இருக்கிறது. நான்தான் வெட்டினேன்.)

டுசல்டோர்வ் பெண்ணிடம் சொல்ல வேண்டியது: தெரியவில்லை. முதல் தடவை அழித்த போத்தல்கள் எத்தனையோ.

யூன் 10, செவ்வாய்

குளிர். பச்சைப் பதிவேட்டோடு எட்டு மணிக்கே டொ.எச். அறை.

“பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும். புதியதோடு சேர்த்துச் சுங்கத்துக்குப் போகவேண்டும்.”

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “அது முடிந்த விஷயம். இதில் ஒப்பம் உங்களுடையது, பார்த்தீர்கள்தானே?”

“பார்த்தேன். அதனால்தான் கொண்டுவந்தேன்.”

“உங்களை இனிப் பதிவுக்கு வைப்பது பற்றி நான் யோசிக்க வேண்டிவரும்.”

“யோசியுங்கள். அதோடு உங்கள் மெட் பாணையும் யோசியுங்கள். வெங்காயம், போன செவ்வாய், காலை பத்து மணி. விதியை ஒட்டியவள் நான்.”

முகம் சிவந்தது. கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு, “லின் திரும்ப மணக்கட்டும். அவளுக்கும் வந்தால் திருத்தம் போகும்” என்றார்.

பத்தரைக்கு லின் கூம்பில் மூக்கை வைத்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. எழுதியது நான். 14.1. பொத்தானை அமுக்கினாள். “ஊறிய முட்டைக்கோசு” என்றுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுதிவிட்டேன் என்று கண்டதும் திரும்ப மூக்கை வைத்தாள்.

திருத்தம் மூன்று மணிக்குப் போனது, புதிய அறிக்கையோடு. சரக்கு விடுபடும் என்கிறார்கள்.

பிறகு பச்சைப் பதிவேடு. என் வெட்டின் மேல் ஒற்றைக் கோடு. திகதி. காரணம்: பதிந்தவரின் பிழை. சோதித்தவரைக் கேட்கவில்லை. ஒப்பம்: வ.சி.

லின் பக்கத்தில் நின்று வாசித்தாள். நேற்று எழுதிப் பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. கேட்டேன், இரண்டு வருடம் பிந்தி: “அன்றைக்கு நீ என்ன சாப்பிட்டாய்?”

“பாணும் சீஸும்” என்றாள்.